புதிய ஆங்கில ஆசிரியருக்கு: பாட அறிவைக் காட்டும் இடம்

ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் 150 மதிப்பெண்ணுக்கு ஆங்கிலத்தின் பங்கு 30தான். அந்தச் சான்றிதழை மட்டும் நீட்டிப் பாட அறிவை நிறுவ முடியாது. உத்திரமேரூரில் உள்ள பராந்தக சோழன் காலக் கல்வெட்டும், ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலையில் பெயர் எழுத வேதம் கற்றிருந்தால் போதாது, பிறருக்கு ஓதுவிக்கவும் தெரிய வேண்டும் என்றது. (வேதம் மட்டும்தானா என்று இன்று கேட்கலாம், அளவுகோல் என்னவோ சரிதான்.) ஆகவே மாதிரி வகுப்பில் அருஞ்சொற்களை அடுக்காதீர்கள், பிழையின் காரணத்தை விளக்குங்கள். மாணவர் 'இஸ்கூல்' என்பது சோம்பலால் அல்ல. தமிழ்ச் சொல் இரண்டு மெய்யொலிகளோடு தொடங்குவதில்லை. பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'ஏ', 'தி' விடுபடுவதும், அப்படியொரு கட்டாயம் தமிழில் இல்லாததால்தான்.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலக்கணக் காரணம் எதற்கு, தமிழில் விளக்கினால் ஆங்கிலம் எப்படி வரும் என்பார்கள். வீட்டில் ஆங்கிலமே காதில் விழாத பிள்ளைக்குத்தான் காரணம் அதிகம் தேவை. அதை ஒரு நிமிடம் தமிழில் சொல்லிவிட்டு, மீதி நேரம் ஆங்கிலத்தில் பேசவையுங்கள். தெரியாத சொல் வந்தால் மழுப்ப வேண்டாம். வகுப்பிலேயே அகராதியைப் புரட்டி, உச்சரிப்புக் குறியீட்டைப் படிக்கும் முறையையும் அப்போதே கரும்பலகையில் எழுதிக் காட்டலாம்.