பாறையின் நிறம் படித்தால் வேலை கிடைக்கும்

ஜியாலஜி படிக்கிறீர்களா? இந்த வாரமே இந்திய புவியியல் ஆய்வு மையத்தின் 'பூகோஷ்' தளத்தில் பதிவு செய்து, சேலம் பகுதியின் நிலவியல் வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள். கட்டணம் கிடையாது. 1:50,000 அளவுள்ள தாளை எடுங்கள். அதில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ.

திறந்ததும் கண்ணில் படுவது பாறைகளின் பெயரும் அவற்றைக் குறிக்கும் நிறமும்தான். எந்தப் பாறையோடு எந்தக் கனிமம் சேர்ந்து வரும் என்பதை நீங்கள்தான் அறிந்திருக்க வேண்டும். இந்தத் தொழிலின் உயிரே அதுதான். சேலத்துக்கு வடக்கே, ஏற்காடு மலையடிவாரத்தில் டியூனைட் பாறை இருக்கிறது. மக்னீசியம் நிறைந்த பாறை. அதன் வெடிப்புகளில் கரியமில வாயு கலந்த நீர் இறங்கி வினைபுரிந்ததில், வெள்ளை வெள்ளையாக மேக்னசைட் நரம்புகள் உண்டாயின. உருக்காலை உலைகளின் உட்சுவருக்கான செங்கல் இதிலிருந்து வருகிறது. ஆகவே டியூனைட் நிறத்தைப் பார்த்ததும் மேக்னசைட் நினைவுக்கு வரவேண்டும், கூடவே குரோமைட்டும்.

அரியலூர் எளிது. கிரெட்டேசியஸ் காலக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல். அதை நம்பித்தான் அங்கே சிமெண்ட் ஆலைகள். நெய்வேலி அப்படியல்ல. மேலே தெரிவது கடலூர் மணற்கல். பழுப்பு நிலக்கரி அதற்கு அடியில் கிடக்கிறது. அங்கே மேற்பரப்பு வரைபடம் மட்டும் போதாது; ஆழ்துளைப் பதிவுகளையும் குறுக்குவெட்டுப் படத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மாணவர்கள் பலர் குறுக்குவெட்டு வரையும் பயிற்சியை மதிப்பெண்ணுக்காக மட்டும் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். பெரிய தவறு அது.

கணினியில் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள்; அதுவும் இலவசம். பிறகு சுத்தியல், லென்ஸ், காம்பஸோடு களத்துக்குப் போய், தாளில் உள்ள எல்லைக்கோடு தரையில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். சுரங்கக் குத்தகை நிலத்திலும் காட்டிலும் அனுமதியின்றி நுழையாதீர்கள்.

எம்.எஸ்சி. முடிப்பவர்களுக்கு யூபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு இருக்கிறது: முதல்நிலை, முதன்மை, நேர்முகம். புவியியல் ஆய்வு மையத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதன் வழியே ஆள் எடுக்கிறார்கள்.

சேலத்தை முடித்ததும் உங்கள் ஊர் இருக்கும் தாளை எடுங்கள். ஊர்க் கிணறு வெட்டியபோது வெளியே வந்த கல் எந்த நிறத்துக்குள் வருகிறது என்று கண்டுபிடியுங்கள்.