சக்கரத்துக்குப் பின்னால் ஒரு ரப்பர் உறை



ஆயுத பூஜை அன்னைக்கு நம்ம காடிகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். பழத்தை வைக்கக் குனியும்போது இன்னும் பத்து வினாடி குனிந்து முன் சக்கரத்தின் உட்பக்கத்தைப் பார்த்திருந்தால், என் மாமாவுக்கு அன்னைக்கு அந்த நிலைமை வந்திருக்காது.

சில வாரமாகவே காடியைத் திருப்பும்போது "டக் டக் டக்" என்று சத்தம். "டயர் சத்தம்தான் தம்பி, விடு" என்றார். ஒரு நாள் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையிலிருந்து கிள்ளான் - பந்திங் சாலைக்கு ஏறி, வலப்பக்கம் திரும்பும்போது 'டமார்!' எஞ்சின் ஓடுது, கியர் விழுந்திருக்கு, ஆனால் காடி நகரவில்லை. நடுச்சாலையில் மாமா, பக்கத்தில் அத்தை, எதிரே லோரி. லோரிக்காரர் பிரேக் போட்டதால் தப்பித்தார்கள். ஆட்டோ கியர் என்பதால் 'பி'யில் போட்டார். அப்போதும் காடி உருண்டது. ஹேண்ட்பிரேக் இழுத்த பிறகுதான் நின்றது.

உடைந்தது சி.வி. ஜாயிண்ட்.

அது என்ன வேலை செய்கிறது?

சாகா, கஞ்சில், மைவி எல்லாம் முன் சக்கரங்களால் ஓடும் காடிகள். 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவும் அப்படித்தான். கியர்பாக்ஸிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு டிரைவ் ஷாஃப்ட் சக்கரத்துக்குப் போகும். அந்தச் சக்கரமே ஸ்டியரிங்குக்குத் திரும்பணும், குழியில் மேலும் கீழும் ஏறி இறங்கணும். வளைந்த நிலையிலும் சுழற்சி ஒரே சீராகப் போகணும். சி.வி. என்றால் 'மாறாத வேகம்'.

சாதாரண சிலுவை மூட்டு ஒன்றை 30 டிகிரி வளைத்துச் சுற்றினால், வெளியே வரும் வேகம் ஒரே சுற்றுக்குள் சுமார் 13 விழுக்காடு குறைந்தும் 15 விழுக்காடு கூடியும் மாறிக்கொண்டே இருக்கும். ஸ்டியரிங் கையில் குதிக்கும். 1920களில் ஆல்பிரட் செப்பா என்ற பொறியாளர் இதற்கு வழி கண்டார். உள் வளையத்துக்கும் வெளிக் கிண்ணத்துக்கும் நடுவே, பள்ளங்களில் ஓடும் ஆறு எஃகுக் குண்டுகள். வளைவு எவ்வளவு இருந்தாலும், குண்டுகள் அந்தக் கோணத்தின் சரிபாதியில் நிற்கும். அதனால் இரண்டு பக்கமும் ஒரே வேகம். 1959இல் வந்த மினி காடியில் இந்த வகை ஜாயிண்ட்தான் இருந்தது.

இந்தக் குண்டுகள் பிழைப்பது கிரீஸால். கிரீஸைக் காப்பது மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் உறை. வொர்க்‌ஷாப்பில் 'பூட்' என்பார்கள். அது கிழிந்தால் சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறிக்கும். மழைத்தண்ணீரும் செம்மண்ணும் உள்ளே போகும். அப்புறம் கிரீஸ் இருந்த இடத்தில் அரைக்கும் மாவுதான் இருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

1. ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பி, சக்கரத்தின் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். உறையில் வெடிப்பு, ரிம்மின் உட்பக்கம் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தால், கிழிந்துவிட்டது.
2. காலி இடத்தில் முழுத் திருப்பத்தோடு மெதுவாக எண்ணெய் கொடுங்கள். 'டக் டக்' வந்தால் வெளி ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது.
3. நேராகப் போகும்போது, எண்ணெய் கொடுத்தால் மட்டும் அதிர்ந்தால் உள் ஜாயிண்டைச் சந்தேகப்படுங்கள்.

சர்வீஸ் செய்யும் முறை

முதல் தடவை தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கட்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நடு நட்டைத் தளர்த்தணும். பின் சக்கரத்துக்குக் கட்டை, ஜேக்கில் தூக்கியதும் ஸ்டாண்டு. வெறும் ஜேக்கை நம்பிக் கீழே போகாதீங்க. கீழ் பால் ஜாயிண்டைக் கழற்றி, ஷாஃப்டை ஹப்பிலிருந்து தட்டி எடுங்கள். மரை கெடாமல் இருக்க நட்டை முனையில் மாட்டிவிட்டு, மிருதுவான சுத்தியலால் தட்டணும். கியர்பாக்ஸிலிருந்து உருவும்போது எண்ணெய் ஒழுகும்; தட்டு வைங்க, பிறகு அளவு பார்த்து ஊற்றுங்க.

ஜாயிண்டைப் பிரித்துக் கழுவிக் காயவைத்து, குண்டையும் பள்ளத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் புது உறை, புது கிளிப், உறையோடு வரும் கறுப்பு மாலிப்டினம் கிரீஸ் போதும். சாதாரண மஞ்சள் கிரீஸ் வேண்டாம். குழியோ வெடிப்போ தெரிந்தால் ஜாயிண்டையே மாற்றணும். புது நட்டு போட்டு, சக்கரம் தரையில் இறங்கிய பிறகு டார்க் ஸ்பேனரால், அந்தக் காடியின் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள்.

ஒன்று மறக்காதீங்க: சத்தம் வந்த ஜாயிண்டுக்குள் புது கிரீஸ் அடைத்தால் சத்தம் கொஞ்ச நாள் அடங்கலாம். தேய்ந்த எஃகு வளராது. அப்படி அடைத்து இன்னொருவருக்கு விற்பது, மாமா நின்ற அதே சந்திப்பில் அவரை நிறுத்துவதுதான்.

ஷாஃப்ட் விட்டுப்போனால் 'பி' ஏன் பிடிக்காது? 'பி' பூட்டுவது கியர்பாக்ஸை. அங்கிருந்து சக்கரத்துக்குப் போகும் இணைப்பே போனபின் எதைப் பிடிக்கும்? முதலில் ஹேண்ட்பிரேக், பிறகு அபாய விளக்கு. வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

இந்த மாதப் பயிற்சி

கருவியை வணங்குவது என்றால் அதைக் கவனிப்பதும்தான். அடுத்த கோயில் துப்புரவுப் பணிக்கு ஒரு டார்ச் கொண்டு வாங்க. வரும் பெரியவர்களின் காடிகளில் இரண்டு முன் சக்கரத்துக்கும் பின்னால் பாருங்கள். கிழிந்திருந்தால் இன்றே சொல்லுங்கள். உறையோடு முடிகிற செலவு ஜாயிண்ட் வரைக்கும் போகவேண்டாம், நடுச்சாலை வரைக்கும் போகவே வேண்டாம்.