திங்கட்கிழமை லீவு விட்ட நிரல்

2021 டிசம்பர் 7 அன்று அமீரக அரசு அறிவித்தது: ஜனவரி 1 முதல் வார விடுமுறை வெள்ளி, சனி அல்ல; இனி சனி, ஞாயிறு. வெள்ளி அரை நாள் வேலை. வெள்ளிக்கிழமை பிரியாணி என்னாகும் என்பது ரூமில் இருந்தவர்களின் கவலை. எனக்கு வேறு கவலை. ஜெபல் அலி ஃப்ரீ ஸோனில் நான் வேலை பார்த்த குடோனில் கண்டெய்னர் வாடகை போடும் மென்பொருள் என் பொறுப்பு. விடுமுறையைக் கழித்துத்தான் அது நாள் எண்ணும். சி பிளஸ் பிளஸில் எழுதியது. வெள்ளியும் சனியும் வெறும் எண்ணாக ஆறு இடத்தில் பொதிந்து கிடந்தன. 2018-ல் 5 சதவீத வாட் வந்தபோதும் இதே கூத்துதான். ஒரு விதி மாறினால் மொத்தத்தையும் கம்பைல் செய்து குடோனின் ஒவ்வொரு கேட் கணினியிலும் போய் ஏற்றவேண்டும்.

இந்தத் தடவை விதிகளை மட்டும் பிரித்து லுவாவில் எழுதி, நிரலுக்குள் பதித்தேன். லுவா 1993-ல் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் உருவான மொழி. பெட்ரோப்ராஸ் எண்ணெய் நிறுவனத்துக்குச் செய்த நிரல்களிலிருந்து பிறந்தது. பைத்தானையும் பதிக்கலாம், ஆனால் அது குடும்பத்தோடு வரும். லுவா ஒரே பெட்டியோடு வந்திறங்கும் பேச்சிலர்.

முதல் அடி ஓர் இரவு ஷிஃப்டில் விழுந்தது. பட்டியலில் இல்லாத கண்டெய்னர் வகை ஒன்று வர, ஸ்கிரிப்ட் பிழை எறிந்தது. கேட் கணினியில் நிரலே மூடிக்கொண்டது. வெளியே ட்ரெய்லர் வரிசை. லுவா_பிகால் போட வேண்டிய இடத்தில் லுவா_கால் போட்டிருந்தேன். முன்னது பிழையைப் பிடித்துக் கையில் தரும். பின்னதைப் பாதுகாப்பில்லாமல் கூப்பிட்டால், பிழை வந்ததும் நிரலையே சாய்த்துவிடும்.

அடுத்தது இன்னும் மோசம். விதிக் கோப்பைக் கணக்குப் பிரிவில் இருந்த தூத்துக்குடி அண்ணனிடம் கொடுத்திருந்தேன். அவர் லுவா கையேட்டைப் பார்த்து, சனிக்கு 7, ஞாயிறுக்கு 1 என்று சரியாகத்தான் எழுதினார். லுவாவின் நாள்காட்டியில் ஞாயிறு 1. நான் சி பக்கத்திலிருந்து அனுப்பிய எண்ணிலோ ஞாயிறு 0, சனி 6. ஆக, சனி ஞாயிறுக்கு வாடகை ஏறியது. திங்கட்கிழமை லீவு ஆனது. வாடிக்கையாளர் பில்லைத் திருப்பி அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. "தம்பி, திங்களுக்கு யாருப்பா லீவு விட்டது?" என்றார் அண்ணன். தப்பு என்னுடையது. அன்றே எண்ணை எடுத்துவிட்டு நாளின் பெயரையே அனுப்ப ஆரம்பித்தேன்.

நீங்களும் இப்படிச் செய்யப் போகிறீர்கள் என்றால், கோப்பு திறக்கும் நூலகத்தையும் இயங்குதள நூலகத்தையும் ஸ்கிரிப்டுக்குக் காட்டாதீர்கள். நான் கொடுத்தது ஐந்தே ஐந்து ஃபங்ஷன். ஸ்கிரிப்ட் முடிவில்லாத சுற்றில் சிக்கினால், இத்தனை கட்டளைக்கு மேல் ஓடாதே என்று நிறுத்த லுவாவிலேயே ஹுக் உண்டு, மாட்டிவிடுங்கள். பணத்தைத் திர்ஹாமில் புள்ளி வைத்துக் கணக்கிடாமல், ஃபில்ஸில் முழு எண்ணாக வையுங்கள். 5.3 பதிப்பிலிருந்துதான் லுவாவில் முழு எண்ணுக்குத் தனி வகை உண்டு. எந்த விதிக் கோப்பின்படி போட்டது என்பதை ஒவ்வொரு பில்லோடும் சேமியுங்கள். ஆறு மாதம் கழித்துத்தான் கேட்பார்கள்.