இன்ஸ்பெக்டரம்மாவுக்கு வயது என்ன?

அன்புள்ள மருமகளுக்கு,

மூன்றாவது நாவலின் ப்ரூஃப் வந்து சேர்ந்தது. கையில் எடுத்தவன் கீழே வைக்கவில்லை. கொலையாளி யாரென்று கடைசி அத்தியாயம் வரை எனக்குப் பிடிபடவே இல்லை. அந்த விஷயத்தில் உனக்குப் புத்தி சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் இதே இன்ஸ்பெக்டரம்மாவை வைத்து வருஷத்துக்கு இரண்டு நாவல் வேண்டும் என்று பதிப்பாளர் கேட்பதாக எழுதியிருக்கிறாய். அதைப் பற்றிப் பேச வேண்டும்.

84-ம் பக்கத்தைப் பார். ஜி.எச். பிணவறை வாசலில் நிற்கிறவளுக்கு அம்மாவிடமிருந்து போன் வருகிறது, "சாப்பிட்டியாடி?" என்று. அருமையான இடம். ஆனால் அம்மா திதிக்கு லீவு கேட்டுக் கிடைக்காமல்தானே முதல் நாவலே தொடங்குகிறது? கானன் டாயிலும் இப்படி மாட்டிக்கொண்டவர்தான். 1887-ல் வந்த முதல் ஹோம்ஸ் கதையில் வாட்சனுக்குக் குண்டடி பட்டது தோளில். 1890-ல் வந்த இரண்டாவதில் காலில். இன்று வரைக்கும் வாசகர்கள் அவரை விடவில்லை. தனியாக ஒரு நோட்டுப் போடு. யார் செத்தார்கள், யார் டிரான்ஸ்ஃபர் ஆனார்கள், எந்தக் கையில் தழும்பு, ரைட்டரை அவள் 'அண்ணே' என்பாளா 'சார்' என்பாளா, எல்லாம் அதில் ஏறட்டும்.

நோட்டின் முதல் பக்கத்திலேயே உன்னை ஒரு கேள்வி மடக்கும்: இவளுக்கு வயது என்ன? மூன்று நாவலிலும் நீ அதைத் தொடவில்லை. தொடாததால் வந்த வினை ஒன்று சொல்கிறேன். பிணத்தின் சட்டைப்பையில் கிடைக்கிற ரசீதில் தேதி 2025 மார்ச். எஃப்.ஐ.ஆரில் நீ போட்டிருப்பது 302. 2024 ஜூலை 1-லிருந்து நடந்த கொலைக்கெல்லாம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103 அல்லவா? எந்த ஸ்டேஷன் ரைட்டர் படித்தாலும் சிரிப்பார். கதையை 2019-லேயே நிறுத்திவைத்திருந்தால் 302 சரி. இரண்டில் எது என்று முடிவு செய்ய வேண்டியவள் நீ.

கடிகாரத்தைப் பார்க்காமலேயே ஓட்டியவர்கள் உண்டு. பொய்ரோ 1920-ல் அறிமுகமாகும்போதே பெல்ஜியப் போலீசில் ஓய்வு பெற்றவர். அதன்பிறகு அரை நூற்றாண்டு துப்பறிந்தார். கணக்குப் போட்டால் நூறைத் தாண்டும். கிறிஸ்டிக்கே அந்த மனிதர் மீது அலுப்புத் தட்டிவிட்டது. ஆரியட்னி ஆலிவர் என்றொரு எழுத்தாளரைத் தன் கதைக்குள்ளேயே படைத்து, தான் உருவாக்கிய ஃபின்லாந்துத் துப்பறிவாளனை நினைத்து அவள் எரிந்து விழுவதாக எழுதி ஆற்றிக்கொண்டார். பொய்ரோவின் கடைசிக் கதையை உலகப் போர்க்காலத்திலேயே எழுதிப் பூட்டிவைத்தவர், 1975-ல்தான் வெளியே விட்டார். நம் கணேஷும் 'நைலான் கயிறு' காலத்திலிருந்து கம்ப்யூட்டர் காலம் வரைக்கும் வக்கீலாகவே, இளைஞனாகவே இருந்தான். யாரும் கேட்கவில்லை. சுஜாதாவின் நடைக்கு அந்தச் சலுகை கிடைத்தது.

எனக்குப் பிடித்தது சூ கிராஃப்டன் செய்தது. ஆங்கில எழுத்துக்கு ஒரு நாவல் என்று 1982-ல் ஏ-யில் தொடங்கினார். 2017-ல் ஒய் வந்தபோது வெளியே 35 வருஷம் ஓடியிருந்தது. அவருடைய கின்சி மில்ஹோனோ 1989-ஐத்தான் எட்டியிருந்தாள். செல்போன் தொல்லை இல்லை. ஆளைத் தேடினால் நடந்து போய்க் கதவைத் தட்டியாக வேண்டும். கதைக்கு வேறென்ன வேண்டும்? 2017 கடைசியில் கிராஃப்டன் காலமானார். இசட் வரவே இல்லை. வேறு யாரையும் வைத்து எழுதக் குடும்பத்தார் சம்மதிக்கவும் இல்லை.

உன் ஆள் தனியார் துப்பறிவாளர் இல்லை, அரசாங்க ஊழியர். அவளுக்கு வயது ஏறட்டும் என்பதே என் கட்சி. புரமோஷன் வந்தால் டி.எஸ்.பி. ஆவாள், பெரும்பாலான கொலை வழக்குகளில் விசாரணை இன்ஸ்பெக்டர் கையில் இருக்கும், இவள் மேற்பார்வைதான். கை கட்டிப்போட்ட மாதிரி தவிப்பாள். அதுவே ஒரு நாவல். எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கென்றால் டி.எஸ்.பி.யே விசாரிக்க வேண்டும். இன்ஸ்பெக்டராக இருந்தவரை அவள் ஒதுங்கிப்போன ஊர்ப் பெரிய மனிதர்கள் அப்போது எதிரே வந்து நிற்பார்கள். அது இன்னொன்று. வயதை நிறுத்திவைத்தால் இரண்டுமே கிடைக்காது.

இதற்கெல்லாம் வருஷத்துக்கு ஒன்றுதான் தாங்கும். மாத நாவல் காலத்தில் நான் ப்ரூஃப் பார்த்தவன். அடுத்த இதழின் தலைப்பு விளம்பரமாகி, அட்டைப்படமும் தயாராகி இருக்கும். கதை எழுத்தாளரின் தலைக்குள்கூட இருக்காது. அட்டையில் துப்பாக்கியோடு ஒரு பெண் இருந்தால் கதைக்குள் எங்கேயாவது அவளை நுழைத்தாக வேண்டும்! ராஜேஷ்குமார் அந்த ஓட்டத்திலேயே 1,500 நாவல்களைத் தாண்டினார். அந்தக் கை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, உனக்கும் இல்லை. கோபப்படாதே. வேலையையும் விடாதே, சுஜாதா கணேஷ், வசந்த் கதைகளை எழுதிக் குவித்தபோது பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் என்ஜினீயராக இருந்தார்.

கடைசியாக ஒன்று. பதிப்பாளர் நீட்டுகிற ஒப்பந்தத்தில் புத்தக உரிமை வேறு, இன்ஸ்பெக்டரம்மா என்கிற பாத்திரத்தின் உரிமை வேறு என்று தெளிவாக இருக்கிறதா பார். வெப் சீரிஸ், ஆடியோ என்று வந்து கேட்பவர்களுக்கு வேண்டியது அவள்தான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு ஜெராக்ஸ் அனுப்பு. என் சிநேகிதர் ஒருவர் வக்கீல்; காசு கேட்க மாட்டார், உன் நாவல் ஒன்றை இலவசமாகக் கேட்பார்.

அன்புடன்,
மாமா