காலையில் மறுபடியும் 15 மில்லிவோல்ட்

கேள்வி: எங்கள் லேபில் லினக்ஸில் ஓடும் என்.ஐ. 6024இ டேட்டா அக்விசிஷன் கார்டு, உள்ளீட்டைத் தரையோடு இணைத்தாலும் 15 மில்லிவோல்ட் காட்டுகிறது. கார்டை இயக்கும் ‘காமெடி’ மென்பொருளின் ‘காமெடி கேலிப்ரேட்’ கட்டளையை ஓட்டினேன், பூஜ்யத்துக்கு வந்தது. மறுநாள் காலை மறுபடியும் 15! கார்டு போய்விட்டதா? எல்.எம்.35 வெப்ப உணரியை வைத்து ஆறு மாதம் எடுத்த வெப்பநிலைகள் வீணா?
– எம்.கே., திருச்சி

பதில்: பயப்படாதீர்கள், எம்.கே. திருத்தினால் பூஜ்யத்துக்கு வருகிற கார்டு நல்ல கார்டுதான். உழைப்பும் வீணாகவில்லை.

உங்கள் கார்டு 12 பிட். ±10 வோல்ட் எல்லையில் 20 வோல்ட்டை 4096 படிகளாக வெட்டுகிறது. ஒரு படி 4.88 மில்லிவோல்ட். நீங்கள் பார்த்தது மூன்றே படிப் பிசகு. ஆனால் எல்.எம்.35 ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தருவதால், அது ஒன்றரை டிகிரி ஆகிவிடுகிறது. உங்கள் கவலை நியாயமானதே.

திருத்தம் ஏன் நிற்கவில்லை? அந்தக் கட்டளை, கார்டிலேயே உள்ள நிலையான மின்னழுத்தத்தை அளந்து, கேல்டாக் (பிசகை ஈடுகட்டும் சிறு மின்னழுத்தம் தரும் சில்லு) மதிப்புகளை மாற்றுகிறது. மின்சாரம் போனால் அவை அழிந்துவிடும். ஒரு நகல் வட்டில் கோப்பாக இருக்கும். ஆனால் அதை யாராவது கார்டில் ஏற்ற வேண்டுமே! உங்கள் நிரல், அளக்கத் தொடங்குமுன் ‘காமெடி அப்ளை கேலிப்ரேஷன்’ என்ற செயற்கூறை அழைக்கட்டும். பலரும் தவறவிடும் வரி இதுதான்.

கணினியைப் போட்டதும் திருத்தம் செய்யாதீர்கள். கார்டு சூடேற வேண்டும். நான் அரை மணி நேரம் விடுவேன்.

இன்னொன்று, இதைவிட முக்கியம். 50 டிகிரிக்குள் அளப்பதென்றால் ±0.5 வோல்ட் எல்லைக்கு மாறுங்கள். ஒரு படி 0.24 மில்லிவோல்ட்டாகிவிடும், அரை டிகிரிப் படி, ஒரு டிகிரியில் நாற்பதில் ஒரு பங்காக நுணுகும். மாறியபின் அந்த எல்லையிலும் தரையோடு இணைத்துப் பாருங்கள்.

பழைய அளவுகளுக்கு, திருத்தம் ஏற்றாமல் அதே ±10 எல்லையில், தரையையும் நல்ல மல்டிமீட்டரால் அளந்த ஒரு மின்னழுத்தத்தையும் சில நாள் படித்துப் பாருங்கள். இரண்டிலும் அதே 15 மில்லிவோல்ட் கூடுதலாக வந்தால் ஒன்றரை டிகிரியைக் கழிக்கலாம். கழித்ததையும் காரணத்தையும் ஆய்வேட்டில் மறைக்காமல் எழுதுங்கள்.