கூடத்தில் பிறந்த தோட்டா

கேள்வி: டெக்சாஸில் வேலை பார்க்கும் என் மகன், ஓய்வு நேரத்தில் குறி பார்த்துச் சுட்டுப் பழக ‘.22 ரிம்ஃபயர்’ பிஸ்டல் வாங்கப் போகிறானாம். இதை யார் கண்டுபிடித்தது? எதை வாங்கலாம்?

பதில்: இதன் தோட்டாவைக் கண்டுபிடித்தவர் ஃப்ளோபேர் என்ற பிரெஞ்சுக்காரர், 1845-இல். சண்டைக்காக அல்ல, வீட்டுக் கூடத்தில் சுட்டு விளையாட! விருந்துக்கு வந்தவர்கள் ஒரு மூலையில் அரட்டை, இன்னொரு மூலையில் ‘டப்’! இந்த வகைத் தோட்டாவில் அடிப்பாக விளிம்புக்குள்தான் பற்றவைக்கும் மருந்து இருக்கும். ஊசி வந்து விளிம்பை நசுக்கியதும் பற்றிக்கொள்ளும். இன்று எல்லோரும் சுடும் ‘.22 லாங் ரைஃபிள்’ தோட்டா 1887-இல் வந்தது. நடுவில் நடந்தது கம்பெனிக் கதை, விடுங்கள்.

பிஸ்டலை வடிவமைத்தவர்களில் எனக்குப் பிடித்தவர் மர்கோலின். சோவியத் நாட்டுக்காரர், இளவயதிலேயே பார்வையை இழந்தவர். பாகங்களைப் பிசைமண்ணில் உருட்டி, விரலால் தடவித் தடவியே ஒரு .22 பந்தய பிஸ்டலை வடிவமைத்தார்! அதைக் கிட்டத்தில் பாருங்கள். சுட்டதும் மேல்பாகம் பின்னால் ஓடித் திரும்பும், ஆனால் குறி பார்க்க உதவும் பின்குறி அதோடு ஓடாது. தனி வளைவில் அசையாமல் நிற்கும். அதனால் குறி மாறாது. பார்க்க முடியாதவர் பார்ப்பவர்களுக்குச் செய்துகொடுத்த உபகாரம் இது. ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் இளவரசி லேயா ஏந்தும் ஆயுதமும் இந்தப் பிஸ்டலை வைத்துச் செய்ததுதான்.

இந்தப் பகுதியில் எதைப் பற்றிக் கேட்டாலும் நான் சொல்வதையே இதற்கும் சொல்கிறேன்: கைதான் முதல் நீதிபதி. உங்கள் மகன் கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலைப் பிடித்து நீட்டட்டும். திறந்து பார்த்தால் முன்குறியும் பின்குறியும் நேர்கோட்டில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அது எத்தனை பெரிய கம்பெனியாக இருந்தாலும் வேண்டாம். அடுத்தது விசை. முரட்டு விசையை இழுக்கும்போது குறியும் கூடவே இழுபடும்.

இனி எதை வாங்கலாம் என்பதற்கு வருவோம். ரூகர் பிஸ்டலை ஜெர்மன் லூகர் பிஸ்டலின் நகல் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ரூகர் கம்பெனி 1949-இல் 37.50 டாலருக்கு விற்ற முதல் பிஸ்டலில், சாய்ந்த பிடியும் வெளித்தோற்றமும்தான் லூகர் ஜாடை. லூகரின் பூட்டு முழங்கால் மாதிரி மடங்கும். ரூகரிலோ, குழாய்க்குள் ஒரு உருளை முன்னும் பின்னும் ஓடும். அந்த யோசனை ஜப்பானிய நம்பு பிஸ்டலிலிருந்து வந்தது. பழைய ரூகரைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பூட்டுவதற்குள் பொழுது விடிந்துவிடும். 2016-இல் வந்த ரூகர் மார்க் ஃபோரை ஒரே பொத்தானில் திறக்கலாம். என் ஓட்டு அதற்குத்தான். கைக்கு ஒத்துவராவிட்டால் பிரவுனிங் பக் மார்க். வாங்குமுன் இரண்டையும் சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னத் தோட்டாதானே என்ற அலட்சியம் வேண்டாம், அது ஒரு மைலுக்கு மேல் பாயும். சுடும் கணம் வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும்.

கேள்வி: சினிமாவில் எல்லோரும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறார்களே, அதுதான் சரியா?

பதில்: சினிமாவுக்குச் சரி. பந்தயத்தில் சுடுபவர்கள் பலர் இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருப்பார்கள். ஒன்றை இறுக்கி மூடினால் மற்றதும் சோர்ந்துபோகும். அதனால் ஒரு கண்ணுக்கு முன்னால் சின்ன மறைப்பு வைத்துக்கொள்வார்கள். அதன் அகலம் 30 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. பார்வை முன்குறி மேல் இருக்க வேண்டும். இலக்கு கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் போதும்.

கண்ணை விடுங்கள், கைக்கு வருவோம். ஹங்கேரி ராணுவத்தில் இருந்த கரோலி தகாச்சின் வலது கை 1938-இல் கையெறி குண்டு வெடித்துச் சிதைந்தது. சுட்டுப் பழகிய கையே அதுதான். அவர் யாருக்கும் சொல்லாமல் இடது கையில் பழகினார். 25 மீட்டர் விரைவுப் பிஸ்டல் பந்தயத்தில் 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி என்று அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக் தங்கம்! நம் நாட்டு விஜய் குமார் 2012-இல் வெள்ளி வென்றதும் அதே பந்தயத்தில், அதே லண்டனில், ஒரு .22 பிஸ்டலில்தான்.