விமானிக்குக் கூடுதல் தகுதி எதற்கு?

சென்ற ஆண்டு என் பழைய மாணவன் ஒருவன் கையில் ஒரு தாளுடன் வீட்டுக்கு வந்தான். விமானியாக வேண்டும் என்பது அவன் ஆசை. வணிக விமானி உரிமம், கருவித் தகுதி, பல எஞ்சின் தகுதி, விமான வகைத் தகுதி, பயிற்றுநர் தகுதி, கிளைடர் உரிமம் எனத் தாளில் வரிசையாக எழுதி, எதிரே செலவையும் குறித்திருந்தான். "இதில் எதை எடுத்தால் வேலை நிச்சயம், சார்? அப்பா நிலத்தை விற்கப் போகிறார்" என்றான்.

வேலை நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தகுதிகள் ஒவ்வொன்றின் பின்னும் ஓர் ஆபத்தும், அதை விளக்கும் ஓர் இயற்பியல் விதியும் இருக்கின்றன. அவற்றைப் புரிந்துகொண்டால், விண்ணப்பத்தில் எந்தத் தகுதிக்கு எவ்வளவு மதிப்பு என்பது தானே விளங்கும்.

கண்ணை மூடினால் காது ஏமாற்றும்

இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வான்வழிச் செலுத்தம், வானிலையியல், வான் விதிகள் போன்ற தாள்களில் தேற வேண்டும். உடல் தகுதிச் சான்றும் வேண்டும். இதுவே அடித்தளம். ஆனால் இது மட்டும் இருந்தால் விமான நிறுவனங்களின் வாசலைத் தாண்ட முடியாது. காரணம், மேகம்.

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிச் சில தேயிலைத் துகள்களைப் போடுங்கள். டம்ளரைச் சீராகச் சுழற்றுங்கள். முதலில் தண்ணீர் அசையாது. சிறிது நேரத்தில் டம்ளரோடு சேர்ந்து சுழலும். டம்ளரைச் சட்டென நிறுத்தினால் தண்ணீர் மட்டும் சுழன்றுகொண்டே இருக்கும். இது நிலைமத்தின் வேலை. நம் உட்காதில் உள்ள மூன்று அரைவட்டக் குழாய்களிலும் இப்படித்தான் திரவம் இருக்கிறது. விமானம் சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால், சுமார் 20 விநாடிகளில் திரவமும் குழாயும் ஒன்றாகச் சுழலத் தொடங்குகின்றன. 'திரும்பவில்லை' என்று காது சொல்கிறது. திருப்பத்தை நிறுத்தினாலோ, 'எதிர்ப்பக்கம் திரும்புகிறோம்' என்கிறது!

மேகத்துக்கு வெளியே கண் இந்தப் பிழையைத் திருத்திவிடும். உள்ளே திருத்த ஆளில்லை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் 1954இல் நடத்திய சோதனையில், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வெளியே பார்க்க முடியாத நிலையில் விமானம் ஓட்டச் செய்தார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடிகள். மூன்று நிமிடம்கூட இல்லை!

கருவித் தகுதி என்பது காதை நம்பாமல் கருவியை நம்பப் பழகியதற்கான சான்று. பயணிகள் விமானம் நாள்தோறும் மேகத்தில் புகுந்து எழுவதால், இது பெயரளவில் கூடுதல் தகுதி. நடைமுறையில் கட்டாயத் தகுதி. இதைக் காலக்கெடுவுக்குள் மீண்டும் பறந்து காட்டிப் புதுப்பிக்கவும் வேண்டும்.

ஒரு எஞ்சின் நின்றுவிட்டால்?

இரண்டு எஞ்சின் இருந்தால் ஒன்று நின்றாலும் மற்றொன்று காப்பாற்றும் என்று நினைக்கிறோம். பாதி உண்மை. வலது எஞ்சின் நின்றதும் இடது எஞ்சின் விமானத்தை வலப்பக்கம் திருப்பப் பார்க்கும். அதன் உந்துவிசை 2,000 நியூட்டன், நடுக்கோட்டிலிருந்து தொலைவு 2 மீட்டர் என்று கொள்வோம். திருப்புத்திறன் 4,000 நியூட்டன் மீட்டர். இதை வாலில் உள்ள சுக்கான் சமன்செய்ய வேண்டும். சுக்கான் 5 மீட்டர் பின்னால் இருந்தால், அதன்மேல் 800 நியூட்டன் விசை தேவை.

சுக்கானின் விசையோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் விசை கால் பங்காகிவிடும். ஆகவே ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே, சுக்கானை முழுவதும் மிதித்தாலும் விமானம் நேராகச் செல்லாது. அந்த எல்லையை அறிந்து கையாளும் பயிற்சிதான் பல எஞ்சின் தகுதி. பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் இரட்டை எஞ்சின் கொண்டவை ஆதலால், இதுவும் விண்ணப்பத்தில் தவறாமல் பார்க்கப்படுகிறது.

வகைத் தகுதியில் கவனம்

பெரிய விமானங்களில் ஒவ்வொரு வகைக்கும் தனித் தகுதி வேண்டும். ஏர்பஸ் 320இல் பக்கவாட்டிலுள்ள சிறு கைப்பிடி கணினி வழியே கட்டளையிடுகிறது. போயிங் 737இல் விமானியின் முன்னே கட்டுப்பாட்டுத் தண்டு இருக்கிறது. ஒன்றின் தகுதியைக் கொண்டு மற்றொன்றை ஓட்ட முடியாது. எனவே ஏர்பஸ் தகுதியைப் பெரும் பணம் கொடுத்து முன்கூட்டியே பெற்றவருக்கு, போயிங் மட்டும் வைத்திருக்கும் நிறுவனத்தில் அதனால் பெரிய பயனில்லை. நிறுவனமே பொருத்தமான விமானத்தில் பயிற்சி தருவதும் உண்டு. ஆகவே என் மாணவனின் தாளில் இந்த வரிக்கு எதிரே, 'இப்போது வேண்டாம்' என்று எழுதினேன்.

மணிகளும் திறமையும்

அமெரிக்காவில் 2013 முதல் பயணிகள் விமான நிறுவனங்களில் துணை விமானியாகவே 1,500 மணி நேரம் தேவை. அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தில் விமானவியல் பட்டம் பெற்றவர்க்கு 1,000 மணியும், இராணுவ விமானிகளுக்கு 750 மணியும் போதும். கூடுதல் தகுதி இங்கே நேரடியாக மணிகளாகக் கணக்கிடப்படுகிறது! இளம் விமானிகள் பலர் பயிற்றுநர் தகுதி பெறுவதும் இதனால்தான்: கற்பித்துக்கொண்டே, சம்பளமும் வாங்கிக்கொண்டே, பறந்த மணிகளைச் சேர்க்கலாம்.

இவ்விதிக்குக் காரணமான விபத்து 2009 பிப்ரவரியில் பஃபலோ நகரருகே நடந்தது. விமானம் வேகம் குறைந்து, இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும் நிலைக்கு வந்தபோது எச்சரிக்கைக் கருவி தண்டை அதிரச் செய்தது. மூக்கைத் தாழ்த்தி வேகத்தைப் பெருக்க வேண்டிய தலைமை விமானி, தண்டைப் பின்னால் இழுத்தார். 50 பேர் மாண்டனர். வியப்பு என்னவெனில், அந்த இரு விமானிகளுமே 1,500 மணிக்கு மேல் பறந்தவர்கள். மணி எண்ணிக்கை வாசலைத் திறக்கலாம். தண்டை எப்பக்கம் தள்ளுவது என்பதை அது சொல்லித் தராது.

கேட்கப்படாத தகுதி

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767 விமானம் 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீர்ந்து, இரண்டு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. தலைமை விமானி ராபர்ட் பியர்சன் கிளைடர் ஓட்டுவதில் தேர்ந்தவர். ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் முன்னே போகலாம் என்ற கணக்கில், கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தை அடைந்தார்கள். ஆனால் விமானம் தேவைக்கு மேல் உயரத்தில் இருந்தது. பியர்சன் சுக்கானை ஒருபுறமும் இறக்கைகளை மறுபுறமுமாகச் சாய்த்து, விமானத்தைப் பக்கவாட்டில் சரியவிட்டார். காற்றுத்தடை மிகுந்தது, வேகம் கூடாமலே உயரம் குறைந்தது. கிளைடர் விமானிகளின் அன்றாட வித்தை இது. விமானத்தில் இருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர்.

கிளைடர் உரிமத்தை விமான நிறுவனங்கள் பொதுவாகக் கட்டாயமாக்குவதில்லை. என் மாணவனின் தாளில் அதற்குத்தான் செலவு மிகக் குறைவு.

அவனுக்கு நான் சொன்னது இதுதான்: முதலில் வணிக உரிமம், கருவி, பல எஞ்சின். முடிந்தால் பயிற்றுநர் தகுதி. வகைத் தகுதிக்குப் பணம் கட்டுமுன், எந்த நிறுவனம், எந்த விமானம் என்று தெரிந்துகொள். எந்தத் தகுதியைப் பெற்றாலும், அது எந்த ஆபத்துக்கு விடை என்று நேர்முகத் தேர்வில் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நிலத்தை விற்பதைப் பற்றி அப்பாவுடன் மீண்டும் ஒருமுறை பேசு.

நீங்களே கணக்கிடுங்கள்

கிம்லி விமானத்துக்குத் தேவைப்பட்ட எரிபொருள் 22,300 கிலோகிராம். தொட்டியில் இருந்தது 7,682 லிட்டர். ஒரு லிட்டரின் எடை சுமார் 0.8 கிலோகிராம், பவுண்டில் சொன்னால் 1.77. கணக்கிட்டவர்கள் 1.77ஐக் கிலோகிராம் என்று கொண்டுவிட்டார்கள். அவர்கள் எத்தனை லிட்டர் நிரப்பியிருப்பார்கள்? உண்மையில் எத்தனை லிட்டர் நிரப்பியிருக்க வேண்டும்? அலகு எழுதாத விடைக்கு உங்கள் ஆசிரியர் மதிப்பெண் குறைப்பது ஏன் என்பதும் அப்போது விளங்கும்.